கவர்னர்: நீகானும் ஆளுநரும்

புதுச்சேரியின் கடற்கரைப் பக்கத்து வெள்ளை நகரில் பிரான்சுவா மர்த்தேன் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் பெயர் பொறித்திருப்பார்கள். அவர் யாரென்று கேட்டால், 'முதல் பிரெஞ்சு கவர்னர்' என்ற பதில் வரும். அவருக்கு முன்பே பிரான்சுவா கரோன், பிரான்சுவா பரோன் ஆகிய இருவரும் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழும்பின் (கம்பெனியின்) தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் என்பதால் 'முதல்' என்ற அடைமொழியில் வழக்கு உண்டு. அது போகட்டும், 'கவர்னர்' என்ற சொல்லுக்கு வருவோம். அதன் வேரைப் பார்த்தால் மர்த்தேனின் வாழ்க்கையும் விளங்கும், நாம் வைத்திருக்கும் தமிழ்ச் சொல்லின் அருமையும் விளங்கும்.

இந்தச் சொல் பிறந்தது கடலில். கிரேக்கத்தில் கப்பலைச் செலுத்துபவனுக்கு 'குபெர்நேத்தேஸ்' என்று பெயர். அது லத்தீனுக்குப் போய் 'குபெர்னாத்தோர்' ஆயிற்று. அங்கேயும் முதற்பொருள் கப்பலைத் திசைதிருப்பி ஓட்டுபவன்தான். அதிலிருந்து பிரெஞ்சில் 'குவெர்னேர்', ஆங்கிலத்தில் 'கவர்னர்'. பிரெஞ்சுக்காரர் இன்றைக்கும் கப்பலின் சுக்கானை 'குவெர்னாய்' என்கிறார்கள். ஆட்சியாளருக்கும் சுக்கானுக்கும் ஒரே வேர். 1948இல் கணித அறிஞர் நோர்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு நடக்கும் விதத்தை ஆராயும் தம் புதிய துறைக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயர் சூட்டியதும் அந்தக் கிரேக்க மாலுமியை நினைத்துத்தான்.

தமிழிலும் அந்த ஆள் இருந்தான். அகநானூற்றின் 255ஆம் பாட்டில் ஒரு பெரிய வங்கம் (கப்பல்) இரவும் பகலும் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. மணல் மேடிட்ட அகன்ற துறையில் மாடத்து விளக்கின் ஒளியைக் கண்டு திசையறிந்து அதைச் செலுத்துகிறவன் நீகான். மீகான், மீகாமன் என்ற பெயர்களும் அவனுக்கு உண்டு. இன்று நாம் பேசும் 'மாலுமி', 'சுக்கான்' இரண்டும் அரபு வணிகரோடு வந்து சேர்ந்தவை. நீகான் நம்மிடமே இருந்தும் மறந்துபோன சொல். ஆனால் தமிழ் அந்தக் கடல் உவமையிலிருந்து ஆட்சிக்குப் பெயர் எடுத்துக்கொள்ளவில்லை. அது 'ஆள்' என்ற வேரைப் பிடித்தது. ஆட்சி, ஆளுகை, ஆளுமை எல்லாம் அதிலிருந்து வந்தவையே.

நீகான், ஆளுநர் என்ற இந்த இரண்டில் மர்த்தேன் எதற்குப் பொருந்துவார்?

1634இல் பாரிசில் ஒரு மளிகை வணிகரின் முறைப்படாத மகனாகப் பிறந்தவர். மீன் விற்ற மரி குப்பெர்லியை மணந்ததால் வேலை போயிற்று. 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் குழும்பு தொடங்கியதும் அதில் சேர்ந்து மறு ஆண்டே மடகாஸ்கருக்குக் கப்பலேறினார். அங்கிருந்து சூரத்து, மசூலிப்பட்டினம் என்று ஊர் ஊராக மாறினார். 1674இல் புதுச்சேரிக்கு வந்தபோது அவர் கவர்னர் அல்லர். ஊரும் அப்போது பெரிதில்லை. பிஜாப்பூர் சுல்தானகத்தின் கீழ் வாலிகண்டபுரத்தை ஆண்ட ஷேர்கான் லோடியிடம் பெற்ற இடம் அது. சாந்தோமை டச்சுக்காரர்களும் கோல்கொண்டாவும் சேர்ந்து பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து பறித்த பிறகு மிச்சம் நின்ற புகலிடமும் அதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷேர்கானும் ஒருவகையில் கவர்னர்தான். பிஜாப்பூர் சுல்தானுக்காக ஆண்டவர். மர்த்தேன் பாரிசில் இருந்த குழும்புக்காக ஆண்டவர். வேறொருவருக்குப் பொறுப்பேற்று ஆள்வது இந்தப் பதவியின் உயிர். 1677இல் சிவாஜி வந்து ஷேர்கானை வீழ்த்தினார். மர்த்தேன் ஒரே மூச்சில் மராட்டியரோடு பேச்சு நடத்தி ஊரை நிலைநிறுத்திக்கொண்டார். காற்று திரும்பினால் பாயைத் திருப்பத் தெரிந்தவர். ஊரில் நெசவாளரையும் வணிகரையும் குடியமர்த்தினார். துணிக்கட்டு இல்லாத ஊருக்குக் கப்பல் வராது என்பது அவருக்குத் தெரியும்.

1693இல் டச்சுக்காரர் கப்பல்களோடு வந்து முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தார்கள். 1697இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ரிஸ்விக் அமைதி உடன்படிக்கை ஊரைத் திருப்பித் தரச் சொன்னது. 1699இல்தான் மர்த்தேன் திரும்ப வந்தார். டச்சுக்காரர் கட்டிய அரண்களுக்காக 16,000 வராகன் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வகுத்த நேர்கோட்டுத் தெருக்களின் வரைபடத்தை அவர் கலைக்கவில்லை. நான் அவரிடம் மெச்சுவது இதைத்தான்: எதிரி நல்லதாக விட்டுப்போனதை எதிரியுடையது என்பதற்காக அழிக்காத அறிவு. இன்று புதுச்சேரிக்குப் போகிறவர்கள் தெரு நேர்த்தியைப் பாராட்டும்போது அந்தக் கோடு யார் போட்டது என்று நினைப்பதில்லை.

1701இல் பிரெஞ்சு இந்தியாவின் தலைமையிடம் சூரத்திலிருந்து புதுச்சேரிக்கு மாறியது. மர்த்தேன் கட்டத் தொடங்கிய லூயி கோட்டை 1706இல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவர் இறந்தார். 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளை 1931 தொடங்கி அச்சிட்டு வெளியிட்டவர் ஆல்பிரட் மார்த்தினோ. அவரும் புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர். ஒரு கவர்னரின் கையெழுத்தை இன்னொரு கவர்னர் பொறுமையாகப் படித்து அச்சேற்றியதற்குப் புதுச்சேரிக்காரர் நன்றி சொல்ல வேண்டும்.

இனி சொல்லின் தமிழ்ப் பயணம். கடற்கரைத் துறைகளில் ஐரோப்பியரோடு முதலில் புழங்கியது போர்த்துகேய மொழி. அதனால் 'கோவர்னதோர்' என்ற வடிவம் பழைய புதுச்சேரித் தமிழில் ஒட்டிக்கொண்டது. பின்னால் 'குவர்னர்', ஆங்கிலேயர் பக்கத்தில் 'கவர்னர்'. மக்கள் வாயில் பெரும்பாலும் 'துரை'. வடமொழி வழியில் 'தேசாதிபதி' என்றார்கள். விவிலியத்தின் மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் பிலாத்து தேசாதிபதியாகவே தமிழில் நிற்கிறான். இலங்கையிலும் ஆங்கிலேய கவர்னருக்கு இதுவே பெயர், கவர்னர் ஜெனரலுக்கு 'மகாதேசாதிபதி'. தேசத்துக்கே அதிபதி என்று அர்த்தமாகிறது. கீழ்நின்று ஆள்பவருக்கு அது அதிகப்படி.

இன்றைய தமிழில் நிலைத்தது 'ஆளுநர்'. இது வினையடியிலிருந்து பிறந்த சொல். ஆளு என்ற வினையோடு 'நர்' என்ற ஈறு சேர்கிறது. நாம் நாள்தோறும் காகிதத்தில் எழுதும் அனுப்புநர், பெறுநர் போலவும், பேருந்தின் ஓட்டுநர் போலவும், பழைய 'பொருநர்' போலவும் அமைந்தது. ஆண் பெண் பேதமில்லை, மரியாதையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பிழையைச் சொல்லியே ஆக வேண்டும்: பலரும் 'ஆளுனர்' என்று எழுதுகிறார்கள். 'ஓட்டுனர்' என்பதும் அதே தவறு. ஈறு 'நர்'. அங்கே வருவது பல்லில் நா பட்டு வரும் 'ந' என்ற எழுத்து.

புதுச்சேரியில் இப்போது அந்த நாற்காலிக்குத் 'துணைநிலை ஆளுநர்' என்று பெயர். அவர் மாளிகை பாரதி பூங்காவின் பக்கம் நிற்கிறது. ஆனால் மர்த்தேனைப் பற்றி எழுதும்போது எல்லாக் காலத்துக்கும் 'ஆளுநர்' போடுவதை நான் தவிர்ப்பேன். 1674இல் அவர் குழும்பின் வணிகர், பிறகு அதன் தலைவர். அரசின் பெயரால் ஊரை நடத்தி, பிரெஞ்சு இந்தியாவின் தலைமையை ஏந்திய பிற்காலத்துக்கு 'ஆளுநர் மர்த்தேன்' என்பது பொருந்தும். அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, பிஜாப்பூர், மராட்டியர், டச்சுக்காரர் என்று மூன்று பக்கமும் அலை அடித்த காலத்துக்கு, ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் அகநானூற்றின் நீகானையே எடுத்துக்கொள்வேன்.