வாசலை எட்டாத எச்சரிக்கை

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரியுடன் நிற்பவர்கள் கத்தோலிக்கர் மட்டுமல்லர். இந்துக்களும் பௌத்தர்களும் வருவார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை அங்கே தற்கொலைக் குண்டு வெடித்தது. தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்ற இந்தியாவின் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே கொழும்புக்கு வந்துவிட்டது. 11ஆம் திகதி அது ஒரு பொலிஸ் கடிதமாகவும் ஆனது. மேசைக்கு மேசை நகர்ந்த அந்தச் செய்தி 17 நாட்களாகியும் தேவாலய வாசலை எட்டவில்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

இராணுவமும் பொலிஸும் மரம்போன்றவை. ஒரு கிளைக்குக் கிடைத்த தகவல் மறு கிளைக்குப் போக, அடிமரம்வரை இறங்கி மீண்டும் ஏற வேண்டும். தீவிரவாதக் குழுவோ வலை: அண்ணன், தம்பி, மைத்துனன், நண்பன் என்று பக்கவாட்டில் பிணைந்தது. அன்றைய தற்கொலையாளிகளில் இருவர் உடன்பிறந்தவர்கள். குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளத் தொலைபேசி எதற்கு? ஒட்டுக்கேட்க ஒன்றும் மிஞ்சாது.

ஈராக்கில் அமெரிக்கச் சிறப்புப் படைகள் இதே சுவரில்தான் முட்டின. கைப்பற்றிய தொலைபேசிகளும் காகிதங்களும் பைகளில் கிடக்கும். யாராவது பிரித்துப் படிப்பதற்குள் எதிரி வீடு மாறியிருப்பான். தளபதி ஸ்டான்லி மெக்கிறிஸ்டல் பகுப்பாய்வாளர்களைத் தாக்குதல் அணிகளின் பக்கத்திலேயே இருத்தினார். பல நிறுவனங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் ஒரே காணொளிக் கூட்டத்தில் சேர்த்தார். ஒரு வீட்டில் கிடைத்த தொலைபேசி, அதே இரவில் அடுத்த வீட்டைக் காட்டத் தொடங்கியது. 2004 ஆகஸ்டில் 18ஆக இருந்த தேடுதல்கள் 2006 ஆகஸ்டில் 300 ஆயின.

யாரைத் தேடுவது? புள்ளி ஓர் ஆள், கோடு ஒரு தொடர்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஐந்து புள்ளிகளைக் கோடுகளால் நெருக்கமாக இணைத்துவிடுங்கள். தள்ளி இன்னோர் ஐந்து. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி. அதற்கு இரண்டே கோடுகள்தான். ஆனால் அதை அழித்தால் படம் இரண்டாகப் பிளக்கும். பணம் கொண்டுபோகிறவனும் வெடிமருந்து சேர்க்கிறவனும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருப்பார்கள். தலைவனை மட்டும் வீழ்த்தினால் போதாது: 2006 ஜூனில் ஈராக் அல்-கைதாவின் தலைவன் சர்காவி கொல்லப்பட்ட பின்னும் ஈராக்கில் இரத்தம் ஓடியது.

ஆனால் கோடு எதற்காக விழுந்தது என்பதைப் படம் சொல்லாது. மருதானையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் தொலைபேசியை எண்ணிப் பாருங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துக் குடும்பங்களின் இலக்கங்கள் அதில் இருக்கும். கணினியின் கண்ணில் அவர்தான் அந்த நடுப்புள்ளி. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்ற கொழும்புத் தமிழருக்கு இந்தச் சந்தேகத்தின் கனம் தெரியும். 2019க்குப் பின் அது முஸ்லிம்கள் தலையில் இறங்கியது. இத்தனைக்கும், அந்தத் தாக்குதலை நடத்திய குழுவின் தலைவனைப் பற்றி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பொலிஸில் முறையிட்டவர்கள் அவனுடைய சொந்த ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்கள்தான்.