‘நீங்களே சொல்லிடுங்க சார்’

பத்தாம் வகுப்பு. ஆசிரியர் ஒரு கேள்வி போடுகிறார்: “தப்பை ஒத்துக்கிட்டா தண்டனையைக் குறைக்கலாமா?” வகுப்பு கப்சிப். எப்போதும் கை தூக்கும் முதல் பெஞ்சு மாணவி, “குறைக்கலாம் சார், அதான் உணர்ந்துட்டாங்களே” என்கிறாள். “வெரி குட். வேற யாராவது?” யாரும் இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: “நீங்களே சொல்லிடுங்க சார்.” அவரும் சொல்லிவிடுகிறார். மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு: “இந்தப் பசங்களுக்குச் சொந்தமா யோசிக்கவே வரல.”

அதே பசங்கதான் இடைவேளையில், நேற்றைய ஆட்டத்தில் நடுவர் கொடுத்த அவுட் சரியா தவறா என்று ஆதாரம் காட்டி மல்லுக்கு நிற்கிறார்கள். ஒருவர் விதியைச் சொல்கிறார், இன்னொருவர் அந்த விதியே நியாயமா என்று கேட்கிறார். யோசனைக்கு அங்கே பஞ்சமில்லை. வகுப்பில் மட்டும் அது ஏன் வாய் திறப்பதில்லை என்றால், பெரும்பாலும் கேள்வி கேட்கும் விதத்தில்தான் கோளாறு.

முதல் கோளாறு அவசரம். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதை அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்ததும் அதே வேகத்தில் குறுக்கே புகுந்தார்கள். இரண்டு இடத்திலும் காத்திருப்பை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, மாணவர்களே கேள்வி கேட்பது கூடியது. படிக்க மூன்று நொடி சின்னதுதான். நாற்பது முகங்களுக்கு முன்னால் சும்மா நிற்கும்போது அது யுகம். மனதுக்குள் எண்ணிக்கொண்டே நில்லுங்கள். பலரும் மறப்பது பதிலுக்குப் பிறகு வரும் மூன்று நொடியை. “அதான் உணர்ந்துட்டாங்களே” என்ற மாணவி, நீங்கள் பேசாமல் நின்றால், “ஆனா மாட்டிக்கிட்டதால ஒத்துக்கிட்டா அது கணக்குல வருமான்னு தெரியல சார்” என்று தொடரக்கூடும். விவாதம் பிறக்கும் இடம் அந்தத் தொடர்ச்சிதான்.

‘வெரி குட்’ அதைக் கொன்றுவிடுகிறது. எதிர்க்கருத்து வைத்திருக்கும் மாணவனுக்கு அந்த இரண்டு சொல்லின் பொருள், ‘விடை கிடைத்துவிட்டது, கையை இறக்கு.’ பாராட்டுக்குப் பதிலாக “எதனால அப்படித் தோணுது?” என்று கேட்கலாம். அல்லது இன்னொருவரிடம், “அவங்க சொன்னதை உங்க வார்த்தையில சொல்லுங்க” எனலாம்.

அடுத்தது கூச்சம். பதினான்கு, பதினைந்து வயதில் ஆசிரியர் என்ன நினைப்பார் என்பதைவிட பக்கத்து பெஞ்சு என்ன நினைக்கும் என்பதுதான் பெரிய கவலை. அதனால் பேச்சுக்கு முன்னால் எழுத்து. ஐந்து நிமிடம், பேச்சு கூடாது, இரண்டே வரி. ஒன்று, என் கருத்தும் அதற்கான காரணமும். இரண்டு, என்னை மறுப்பவர் சொல்லக்கூடிய மிக வலுவான காரணம். இரண்டாவது வரியில் பலர் பேனாவைக் கடிப்பார்கள். கடிக்கட்டும், உதவ ஓடாதீர்கள். இதை வீட்டுப்பாடமாக்கவும் வேண்டாம். வீட்டில் எழுதினால் செயற்கை நுண்ணறிவுச் செயலி அழகாக எழுதிக் கொடுத்துவிடும், யோசனை மட்டும் நடந்திருக்காது.

கேள்வியைத் தேர்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. ‘கைபேசி நன்மையா, தீமையா?’ என்று கேட்டால் நாற்பது பேரும் ‘அளவோடு பயன்படுத்தினால் நன்மை’ என்பார்கள், கதை முடிந்தது. இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘ஒருவன் நண்பனின் படத்தை அனுமதி கேட்காமல் குழுவில் போட்டான். போட்டது தவறு. பார்த்துச் சிரித்த மற்றவர்களும் தவறு செய்தவர்களா?’ இங்கே ஆள் இருக்கிறார், செயல் இருக்கிறது, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சரியான விடை உங்கள் மனதில் ஏற்கெனவே இருந்தால் அது விவாதம் இல்லை, பாடம். நேரடியாகவே நடத்திவிடுங்கள். அறிவியலில் முடிவான விஷயத்தை மேடையேற்ற வேண்டாம். வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் உடல், குடும்பம், பிறப்பு சரியா தவறா என்று ஆகிவிடும் எதையும் தொடவே வேண்டாம்.

நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைக்கு நன்றாகப் பொருந்துவது, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுத்த முறை. நான்கு பேர் ஒரு குழு, இரண்டிரண்டாக எதிரெதிர் பக்கம். பக்கத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட எழுத்துக்குப் பின் நான்கு நிமிடம் தயாரிப்பு. பிறகு ஒவ்வொரு பக்கமும் மூன்று மூன்று நிமிடம். ஒரு பக்கம் பேசியதும், கேட்டவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர்கள் “ஆமா, அதைத்தான் சொன்னோம்” என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. அடுத்து பக்கத்தை மாற்றிக்கொண்டு இதே வேலை. கடைசிப் பத்து நிமிடம் பக்கங்களையே விட்டுவிட்டு, நால்வரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே வாக்கியத்தை எழுத வேண்டும். மேசை நகர்த்தவும் முடிவில் நோட்டில் எழுதவும் ஐந்தைந்து நிமிடம் மீதி வையுங்கள்.

இதில் சொதப்பும் இடங்கள் உண்டு. பக்கம் மாறியதும் சிலர் எதிர்த்தரப்பைக் கிண்டலடித்து நடிப்பார்கள். திருப்பிச் சொல்லும் விதியை அங்கே கறாராகப் பிடித்தால் நடிப்பு தானாக அடங்கும். இன்னொன்று, பொது வாக்கியமாக ‘அது சூழ்நிலையைப் பொறுத்தது’ என்று எழுதிவிட்டுக் கைகட்டி உட்கார்வது. வாங்காதீர்கள். “எந்தச் சூழ்நிலையில் ஆம், எந்தச் சூழ்நிலையில் இல்லை? ஒவ்வொன்று எழுதுங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுங்கள். பத்து நிமிடத்தின் மதிப்பே அந்தத் திருப்பலில்தான்.

போட்டி விவாதம் வேறு வகை. 1988இல் தொடங்கிய உலகப் பள்ளி விவாதப் போட்டியில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் பேசுவார்கள், ஒருவருக்கு எட்டு நிமிடம், முடிவில் ஒரு பக்கம் ஜெயிக்கும். பேச்சுப் பயிற்சிக்கு அருமையான முறை. ஆனால் வகுப்பில் வைத்தால் ஆறு பேர் பேச, முப்பத்துநான்கு பேர் கைதட்டுவார்கள். ஜெயிக்க வந்தவர் கருத்தை மாற்றிக்கொள்ளவும் மாட்டார்.

முழு வகுப்பாகப் பேசும்போது நான்கைந்து பேரே மைக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்து, பேசும்போதெல்லாம் ஒன்றை வைக்கச் சொல்லலாம். ஆரம்பத்திலேயே மூன்றையும் வீசிவிட்டு மீதி நேரம் துடிப்பவர்கள் இருப்பார்கள். அடுத்த வகுப்பில் அவர்களே எண்ணிச் செலவழிப்பார்கள். சீட்டைத் தொடவே தொடாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், எழுதிய வரியைப் படித்தால் போதும்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்ற கேள்வி நிச்சயம் வரும். நோட்டு மூடும்வரை சொல்லாதீர்கள். பிறகு ஒரு நிமிடத்தில் உங்கள் கருத்தையும், அதில் உங்களுக்கே உறுத்தும் இடத்தையும் சொல்லுங்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் கருத்துக்குப் போடாதீர்கள், எதிர்த்தரப்பைப் பிசகாமல் திருப்பிச் சொன்னதற்குப் போடுங்கள்.

‘எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கிறீங்க’ என்று பெற்றோர் வருத்தப்படுவதுண்டு. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டுவதைவிட, திருப்பிச் சொல்லும் விதியை அவர்களிடம் விளக்கினால் வேலை சீக்கிரம் முடியும். வீட்டில் ‘நீங்க சொல்றது இதுதானே அப்பா?’ என்று ஆரம்பிக்கும் பிள்ளையை யாருக்குத்தான் பிடிக்காது?

விவாதம் இல்லாத வாரங்களிலும் அந்த நோட்டு ஓட வேண்டும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம். ‘வாழ்க்கை லட்சியம் என்ன?’ என்று கேட்டால் டாக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்ற பழைய கட்டுரையே வரும். கேள்வி சின்னதாக இருக்கட்டும்: இந்த வாரம் எதைப் பற்றிய உன் எண்ணம் மாறியது? கடைசியாக வந்த கோபத்தில் பாதி நியாயம் யார் பக்கம்? யாருக்கும் தெரியாது என்றாலும் நீ செய்யாத ஒன்று எது? எழுத்துப் பிழை திருத்தாதீர்கள். சிவப்பு மை பட்டால் அடுத்த வாரம் நல்ல தமிழ் வரும், உண்மை வராது.

பக்கத்தை மடித்து வைத்தால் படிக்க மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஆனால் ‘எதை எழுதினாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “மடிக்காத பக்கத்தில், நீயோ வேறு ஒருவரோ ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் ஆலோசகரிடம் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் பேசுவேன்.” அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் நோட்டில் பதில் எழுதி அனுப்பாமல், அன்றே அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசி, அன்றே ஆலோசகரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதனால் நோட்டுகளை வாங்கிய நாளிலேயே படித்துவிடுங்கள். வார இறுதிக்கு ஒத்திப்போடுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை எழுதச் சொல்லாதீர்கள்.