சுருதி ஆப்பை நீட்டும் முன் ஹீட்டரைப் பாருங்கள்

போன சனிக்கிழமையும் அதே கதை. லண்டனில் ஒரு சிறிய தேவாலயம், பரோக் கச்சேரி (17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை), அந்தக் கால இசையமைப்பாளர் டெலிமான் நான்கு பகுதிகளுக்கு எழுதிய ஒரு பாரிஸ் குவார்டெட். இடைவேளையில் ஹார்ப்ஸிகார்டுக்கு (தந்தியைச் சுண்டி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்) மறுபடி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கைப்பேசியை நீட்டினார். திரையில் சுருதி பார்க்கும் ஆப். எல்லாமே அரை ஸ்வரம் கீழே இருக்கிறதாம், எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார், நான்தான் அப்படி வைத்தேன்.

இப்படி வருபவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆப் A என்ற ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 440 அதிர்வு, என்று வைத்து அளக்கிறது. அது 1939-இல் இதே லண்டனில் ஒரு சர்வதேச மாநாட்டில் பேசி வைத்துக்கொண்ட எண். பரோக் இசையமைப்பாளர் பாக் இறந்தது 1750-இல். அவர் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறு. ஒரே ஊரில்கூட தேவாலய ஆர்கனுக்கு ஒன்று, மற்ற வாத்தியங்களுக்கு ஒன்று இருந்ததுண்டு. இன்று நாங்கள் 415 வைப்பது வசதிக்காக. அது 440-க்கு அரை ஸ்வரம் கீழே என்பதால், பல ஹார்ப்ஸிகார்டுகளில் விசைப்பலகையை ஒரு தந்தி அளவு பக்கவாட்டில் தள்ளினால் 440-இலும் வாசிக்கலாம். பழைய பிரெஞ்சு இசைக்கு 392 வரைகூட இறங்குவோம்.

நம் கணக்கில் சொன்னால், அந்த A, அதாவது ஆறு கட்டையை அழுத்தினால் ஐந்தரைக் கட்டை கேட்கும், அவ்வளவுதான். ஒன்றரைக் கட்டையில் பாடுகிறவரிடம் போய், இரண்டு கட்டையில் பாடாததால் சுருதி சேரவில்லை என்று சொல்வோமா? 17-ஆம் நூற்றாண்டு இசை என்றால் மீன்டோன் என்ற பழைய சுருதி முறையில் காந்தாரத்தைச் சுத்தமாக வைப்பேன். ஆப்புக்கு அது 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு, சிவப்பு காட்டும். காட்டட்டும்.

அன்றைக்கு உண்மையிலேயே சுருதி கலைந்துதான் போயிருந்தது. ஆனால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சுருதி சேர்த்து முடித்த பிறகு, கூட்டத்துக்குக் குளிருமே என்று யாரோ ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டார்கள். சூட்டில் பித்தளைத் தந்திகள் இறங்கும். மரப் புல்லாங்குழல் ஏறும். வயலினிலும் செல்லோ போன்ற காம்பாவிலும் இருப்பது ஆட்டுக் குடல் நரம்பு. (பூனைக் குடல் இல்லை. இதையும் வாராவாரம் கேட்கிறார்கள்.) ஈரப்பதம் மாறினால் அது தன் இஷ்டத்துக்குப் போகும். மூன்று பேரும் மூன்று திசையில் போனால் ஹார்ப்ஸிகார்ட்காரர் என்ன செய்வார்? அந்தப் பெட்டியில் 183 தந்திகள், அடியில் மூன்று மில்லிமீட்டர் பலகை.

அதனால் அமைப்பாளர்களே, ஹீட்டரைக் காலையிலேயே போடுங்கள், அப்புறம் தொடாதீர்கள். மேடை விளக்கை நேரே வாத்தியத்தின் மேல் அடிக்காதீர்கள். ஹார்ப்ஸிகார்டை ரேடியேட்டர் பக்கத்தில் நிறுத்துகிறவர்களிடம் பேச எனக்குத் தெம்பில்லை.

கேட்க வருகிறவர்களே, மூடி மேல் கோட்டும் வைன் கிளாஸும் வைக்காதீர்கள், அது மேஜை இல்லை. தந்தியைத் தொடாதீர்கள், விரல் வியர்வையில் கறுத்துவிடும். பாட்டுக்குப் பாட்டு நடுவில் வாசிப்பவர்கள் சுருதி சேர்த்தால் கொஞ்சம் பேசாமல் இருங்கள், தயவுசெய்து. பக்கத்து நரம்பின் மெல்லிய அதிர்வைக் கேட்டுத்தான் அவர்கள் சேர்க்கிறார்கள்.

இடைவேளையில் எனக்குக் கிடைப்பது இருபது நிமிடம். கேள்வி இருந்தால் கச்சேரி முடிந்ததும் வாருங்கள். விசைப்பலகையைத் தள்ளியே காட்டுகிறேன், ஆப்பையும் எடுத்து வாருங்கள்.