கோஸ்தா ரிக்காவுக்குப் போகும் முன் பட்டாவைப் பாருங்கள்

மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட்டில் வழக்கறிஞர் வேலை என்றால் பெரும்பாலும் வீடு விற்பனை, உயில், வாரிசுச் சொத்து, அவ்வளவுதான். வீட்டை விற்க வருகிறவர்களிடம் காரணம் கேட்பது என் வழக்கம். முன்பெல்லாம் மகள் கல்யாணம், மகன் படிப்பு, ஈப்போவில் பெரிய வீடு என்பார்கள். இப்போது ஓய்வுக்காலத்தில் போய்க் குடியிருக்க பாலி, தாய்லாந்தின் சியாங் மாய், இலங்கை என்று பதில் வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோஸ்தா ரிக்கா என்றே சொன்னார். (ஆட்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

எனக்குச் சிரிப்பும் வந்தது. பச்சை மலை, மழை, குறைந்த செலவு என்று அவர்கள் அடுக்குவதெல்லாம் வாசல் கதவைத் திறந்தாலே இங்கே கிடைக்கும். இதைத் தேடித்தானே வெளிநாட்டினர் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் 2002 முதல் நம் நாட்டுக்கு வருகிறார்கள்! ஆனாலும் அந்த ஆசையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தோட்ட லயத்தில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடிய அம்மாவைப் பார்த்து வளர்ந்தவருக்கு, யாருடைய மணிக்கும் எழுந்திருக்க வேண்டாத ஓர் ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்கத் தோன்றுவதில் என்ன தப்பு?

"அந்த நாட்டில் ராணுவமே கிடையாதும்மா" என்றார் ஆசிரியர். உண்மைதான். 1948 டிசம்பரில் கோஸ்தா ரிக்கா தன் ராணுவத்தைக் கலைத்தது. அதே ஆண்டு ஜூனில் எங்கள் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான 12 ஆண்டு அவசரகாலம் தொடங்கியது. இன்று இந்த ஊரில் மதியம் இரண்டு மணிக்கு நாய்கூடக் குரைப்பதில்லை. எனவே அமைதியைப் பற்றி நான் அவரிடம் வாதாடவில்லை. அங்கே போனபின் அவர் சட்டப்படி யார் என்பதைத்தான் பேசினோம்.

கோஸ்தா ரிக்காவில் ஓய்வூதியர் அனுமதிக்கு மாதம் 1,000 அமெரிக்க டாலர் வாழ்நாள் பென்ஷன் வேண்டும். அரசு ஆசிரியரான அவருக்கு பென்ஷன் உண்டு, தொகை எட்டுகிறதா என்று கணக்குப் பார்த்தால் போதும். ஆனால் தனியார் வேலையில் இருந்து இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழி பொருந்தாது, ஏனென்றால் மொத்தப் பணம் பென்ஷன் ஆகாது. அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 2,500 டாலர் வருமானம் காட்டும் இன்னொரு வகைக்குப் போக வேண்டியிருக்கும். நிலத்தைப் பொறுத்தவரை அந்த நாடு தாராளமானது, பட்டா நிலத்தை வெளிநாட்டவர் தம் பெயரிலேயே வாங்கலாம். வீடியோக்களில் காட்டும் கடற்கரை வீடுதான் சிக்கல். 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர முதல் 50 மீட்டர் பொதுமக்களுக்குரியது. அடுத்த 150 மீட்டரில் அரசு தரும் சலுகை உரிமை (குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) மட்டும்தான், அதையும் ஐந்தாண்டாவது அங்கே குடியிருக்காத வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை.

நமக்குப் பக்கத்திலுள்ள நாடுகள் இந்த விஷயத்தில் இன்னும் இறுக்கம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது, அடுக்குமாடி வீடு வாங்கலாம், அதுவும் ஒரு கட்டடத்தில் வெளிநாட்டவர் பங்கு மொத்தமாக 49 விழுக்காட்டைத் தாண்டாமல். இலங்கையில் 2014 சட்டம் வெளிநாட்டவருக்கு நிலம் மாற்றுவதைத் தடுக்கிறது. பூர்வீகம் யாழ்ப்பாணம் என்றாலும் கையில் மலேசியப் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் நீங்கள் வெளிநாட்டவர்தான்.

பாலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என் மேசைக்கு அதிகமாக வருவது அதுதான். முழு நில உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே என்று அவர்களுடைய 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம் சொல்கிறது. அதனால் முகவர்கள் ஒரு குறுக்கு வழி காட்டுவார்கள்: பட்டா உள்ளூர்க்காரர் பெயரில், உங்கள் கையில் தனியாக ஓர் ஒப்பந்தம். நம் ஊர் வார்த்தையில் சொன்னால் பினாமி. ஒரு தம்பதி இப்படியொரு ஒப்பந்தத்துடன் வந்தார்கள். மலாய் தெரியுமாதலால் இந்தோனேசியப் பத்திரத்தைத் தாங்களே படித்துவிட்டதாக நம்பிக்கை. பட்டாவின் நகலைக் கேட்டேன், கொடுக்கவே இல்லையாம். வெளிநாட்டவருக்கு மறைமுகமாக உரிமையை மாற்றும் ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, அந்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போவது நம் தப்பை நாமே ஒப்புக்கொள்வதுதான். குத்தகை என்றால் குத்தகை என்றே தெரிந்து எடுங்கள், எத்தனை வருடம், நீட்டிக்க யார் சம்மதம் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். தப்பில்லை. முழு உரிமைக்கான விலையைக் கொடுத்து அதை வாங்காதீர்கள்.

அப்புறம் இங்கே விட்டுப் போவது. "நாட்டை விட்டுப் போனால் இபிஎஃப் முழுவதையும் எடுத்துவிடலாமே" என்று சாயாக்கடையில் யாரோ சொல்லியிருப்பார்கள். நாட்டை விட்டு வெளியேறுவோருக்கான அந்த மீட்பு குடியுரிமையைத் துறப்பவர்களுக்கு. சும்மா வெளிநாட்டில் குடியிருக்கப் போகிறவருக்கு அது இல்லை. 55 வயதில் எப்படியும் எடுக்கலாம், எடுக்காமல் விட்டால் 100 வயது வரை லாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். அவசரம் எதற்கு?

குடியுரிமையைத் துறந்தால் என்ன ஆகும் என்று முகவர் சொல்ல மாட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்கும் மலேசியருக்கு 2022 முதல் நில ஆதாய வரி இல்லை. குடிமகனாக இல்லாதவருக்கு ஆதாயத்தில் 10 விழுக்காடு. மனம் மாறித் திரும்பி வந்தால், இதே தாமானில் (குடியிருப்பில்) ஒரு வீடு வாங்க மாநில அரசின் அனுமதி கேட்க வேண்டும். பல மாநிலங்களில் வெளிநாட்டவர் வாங்கக்கூடிய வீட்டின் குறைந்தபட்ச விலையே ஒரு மில்லியன் ரிங்கிட். அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து இனிப்புநீர் மாத்திரை வாங்குகிறோமே, அதுவும் குடிமக்களுக்கான கட்டணம். வெளிநாட்டில் அறுபது வயதுக்கு மேல், ஏற்கெனவே இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் இருப்பவருக்கு என்ன காப்புறுதி, என்ன விலையில் கிடைக்கும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நிலத்தைப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் அந்தத் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு கட்டினார்கள்.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வீட்டை இப்போது விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். அங்கே மழைக்காலம் ஒன்றையாவது வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். விசா, வங்கி, மருத்துவமனை, மளிகைக் கடை எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு விற்பதைப் பற்றிப் பேசலாம். ஆசிரியர் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு சரி என்றார்.

போகும் முன் இரண்டு பத்திரம். ஒன்று உயில், இரு சாட்சிகளுடன். வெளிநாட்டுச் சொத்துக்கு அந்த நாட்டு வழக்கறிஞரிடம் தனியாகக் கேளுங்கள். இன்னொன்று, நம்பிக்கையானவருக்கு எழுதும் அதிகாரப் பத்திரம். அதை இங்கிருக்கும்போதே எழுதிவிடுங்கள். அங்கே போய் எழுதினால் நோட்டரியையோ மலேசியத் தூதரகத்தையோ தேடி அலைய வேண்டும். எழுதும்போது வாடகை வசூல், வீட்டு வரி, பழுதுபார்ப்பு என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள், சொந்தத் தம்பியாக இருந்தாலும். விற்பதாக முடிவானால் நீங்களே வந்து கையெழுத்துப் போடலாம்.