கால்கள் அசையாதபோது இதயம் என்ன செய்கிறது?

இதயம் தன்னிடம் வந்து சேரும் இரத்தத்தை மட்டுமே வெளியே தள்ள முடியும். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றன; சிரைகளிலுள்ள வால்வுகள் கீழ்நோக்கிய ஓட்டத்தைத் தடுப்பதால் இரத்தம் மேலேறுகிறது. நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு இந்த உதவி குறைகிறது. மாலையில் பாதம் வீங்குவதற்கும் தொட்டால் சில்லென்றிருப்பதற்கும் இது ஒரு காரணம்.

சக்கரத்தைக் கையால் தள்ளுவது இதயத்துக்கு உண்மையான பயிற்சிதான். கைத்தசைகள் கால்தசைகளைவிடச் சிறியவை என்பதால், அதே அளவு ஆக்சிஜனைச் செலவிடும் வேலைக்குக் கையால் உழைக்கையில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடுதலாக உயர்கின்றன. 5 முதல் 17 வயது வரையிலான மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. அப்படியிருக்க, தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி நேரம் வந்ததும் அந்தப் பிள்ளையை மட்டும் நிழலில் உட்கார வைப்பது பரிவு ஆகாது.

தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களின் நிலை வேறு. இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் மார்பின் மேற்பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. ஆகவே கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டால், எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130ஐத் தாண்டுவது அரிது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்புவதைவிட, பிள்ளையால் இடையிடையே பேச முடிகிறதா என்று கவனிப்பது மேல். பாதிப்புக்குக் கீழே வியர்வையும் சரியாகச் சுரக்காது. கோலாலம்பூரின் 33 பாகை வெயிலிலும் ஈரக்காற்றிலும் உடல் விரைவில் சூடேறிவிடும் என்பதால், தித்திவங்சா ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வதானால் காலையிலேயே செல்லலாம். தெளிப்பதற்குத் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவது டூஷென் தசைச்சிதைவு நோயில்தான். இந்நோய் உள்ள பிள்ளைகளின் கால்தசைகளில் இல்லாத, தசைக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் அவர்களின் இதயத் தசையிலும் இல்லை. அதனால் இதயமே நாளடைவில் தளர்கிறது. ஓடியாடும் பிள்ளையாக இருந்தால் மூச்சிரைப்பு அதைக் காட்டிக்கொடுக்கும். அமர்ந்தே இருக்கும் பிள்ளையிடம் அந்த அறிகுறி வெளிப்படுவதில்லை. எனவே இவர்களுக்குக் கடுமையான பயிற்சியைத் தவிர்ப்பதோடு, எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும் ஆண்டுதோறும் இதயப் பரிசோதனை செய்யவும், 10 வயதுக்குள் இதயத்தைக் காக்கும் மருந்தைத் தொடங்கவும் மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன.