வேலூரில் வாடகை வீடு: பதினோரு மாதப் பத்திரம் மட்டும் போதாது

காந்தி ரோட்டுப் பக்கம் நடந்தால் தமிழுக்கு அருகிலேயே வங்காள எழுத்தில் பலகைகள் தொங்கும். சிஎம்சியில் வைத்தியம் பார்க்க மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். ஒரு வாரத்து வேலை என்றால் லாட்ஜ் போதும். மாதக்கணக்கில் தங்க வேண்டியவர்கள் வீடு தேடுகிறார்கள். காட்பாடிப் பக்கம் விஐடி மாணவர்களும் தேடுகிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் நம்பித்தான் வேலூரில் பல வீடுகளின் மேல் மாடி போர்ஷன் எழுந்தது.

போன மாதம் எங்கள் தெருவுக்கும் ஒரு அம்மா வந்தார். மருத்துவமனை ஃபைலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுத்தார். அத்தோடு வேலை முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள். முடியவில்லை.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம் என்ற பழக்கம் வந்தது. ஆனால் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம், 2017, நடைமுறைக்கு வந்த 2019 பிப்ரவரி 22 முதல் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். பதினோரு மாதம் என்றாலும் விலக்கு இல்லை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவரே வாடகை அதிகாரி. ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரரும் செய்யலாம், குடியிருப்பவரும் செய்யலாம். ஒரு பதிவு எண் கிடைக்கும்.

இதற்கு முன்பிருந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்பவரை எளிதில் காலி செய்ய வைக்க முடியாது. குடிவைத்தால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து பூட்டியே வைத்தவர்கள் உண்டு. புதிய சட்டம் வாடகைத் தொகையை இரு தரப்பின் பேச்சுக்கே விட்டுவிட்டது. வீட்டுக்காரரின் பயம் குறைந்தது சரி. வாடகை உயர்வதைத் தடுக்கும் வேலி இதில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் "ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தால் ஒழிய" என்ற வாசலும் திறந்தே இருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்று எழுதி நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு வாதாட இடம் குறுகிவிடும். கையெழுத்துக்கு முன் அந்த வரியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

யார் எதைப் பழுது பார்ப்பது என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கதவுக் கைப்பிடி குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைத் தகராறுக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

வேலூருக்கு முக்கியமான ஒன்று: லாட்ஜ், தங்கும் விடுதி, சத்திரம் இந்தச் சட்டத்தில் வராது. அறையில் மூன்று மாதம் தங்கினாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. நீண்ட வைத்தியம் என்று தெரிந்தால் வீடாகவே பாருங்கள்.

எதிர்வீட்டு ஒப்பந்தத்துக்கு இன்னும் இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. நேற்றுப் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் ஆதாரையும் பான் அட்டையையும் தேடி எடுத்தார். அந்த அம்மா ஃபைலுக்குள்ளிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார்.