மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்குள் உங்கள் களத்துமேடு இல்லை

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது, கடலூர் மாவட்டக் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டை ஒட்டி அடர்சிவப்பில் 180 மி.மீ. மழை, அவருடைய ஊரின் மேல் வெளிர்நீலத்தில் 8 மி.மீ. "சார், இது மூணு கிலோமீட்டர் மாடல். நம்ம ஊருக்கு ஒண்ணும் இல்லன்னு தெளிவா போட்டிருக்கான்" என்று கீழே ஒரு வரி. நான் அதைக் காலையில்தான் பார்த்தேன். அதற்குள் களத்தில் தார்ப்பாய் போடாமல் குவித்திருந்த குறுவை நெல் ஊறிப் போயிருந்தது. வானிலையைக் கணினியில் கணக்கிடும் அந்த மாதிரி சொன்ன மழை பெய்யாமல் இல்லை. சொன்ன இடத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் பெய்தது.

ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் கணக்கிடும் பகுதிசார் வானிலை மாதிரியை ஓட்டி, உப்பளக்காரர்களுக்கும் கட்டுமானப் பணியிடங்களுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். அந்தப் பருவத்தில் மட்டும் இதே போன்ற படத்தோடு என்னிடம் வந்தவர்களில் இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். எல்லோருடைய வாதமும் ஒன்றுதான்: மாதிரி நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டம் சிறியது, ஆகவே கணிப்பு துல்லியமானது. இதை ஒருமுறையாவது பொறுமையாக மறுத்து எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், கைப்பேசிச் செயலியில் வரைபடத்தை விரல்களால் விரித்துப் பெரிதாக்கும்போது கூடுதலாக எந்தத் தகவலும் வருவதில்லை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் உலகளாவிய மாதிரி 9 கி.மீ. இடைவெளியிலும், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற உலகளாவிய மாதிரி ஏறத்தாழ 13 கி.மீ. இடைவெளியிலும் கணக்கிடுகின்றன. 9 கி.மீ. கட்டம் என்றால் 81 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரே ஒரு மழை அளவுதான் உண்டு. நீங்கள் கடலூரின் தேவனாம்பட்டினத்தில் விரலை வைத்தால் ஓர் எண்ணும், திருப்பாதிரிப்புலியூரில் வைத்தால் வேறோர் எண்ணும் தெரிவதற்குக் காரணம், செயலி பக்கத்துக் கட்டங்களின் மதிப்புகளுக்கு இடையே சராசரி போட்டு வண்ணத்தை இழைத்துக் கொடுப்பதுதான். தெருவாரியாக மழையைப் பிரித்துக் காட்டும் அந்த அழகு வரைகலைக்காரரின் கைவண்ணமே தவிர, வளிமண்டலத்தைப் பற்றிய அறிவு அல்ல. தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருந்துவிட்டால் போதும், படித்தவர்களும் மயங்கிவிடுகிறார்கள். பொறியியல் படித்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே மயங்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய குழப்பம், கட்ட இடைவெளியும் மாதிரியால் உண்மையாகப் பிரித்தறிய முடிகிற அளவும் ஒன்று என்று நினைப்பது. 3 கி.மீ. கட்டத்தில் 3 கி.மீ. அகல மேகம் தெரியும் என்று எண்ணுகிறார்கள். தெரியாது. ஓர் அலையை வரைய இரண்டு புள்ளிகள் போதாது. அதன் ஏற்றமும் இறக்கமும் ஒழுங்காக உருவாகிக் கணக்கில் நிலைக்க, ஆறு முதல் எட்டுக் கட்டங்களாவது வேண்டும் என்பது இத்துறையில் நெடுநாளாக அறியப்பட்ட ஒன்று. அப்படியானால் 9 கி.மீ. மாதிரி நம்பகமாக உருவாக்கக்கூடிய அமைப்பின் அளவு 54 முதல் 72 கி.மீ.; 3 கி.மீ. மாதிரிக்கு 18 முதல் 24 கி.மீ. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தூரமே ஏறத்தாழ 22 கி.மீ.தான் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களை இன்னொரு முறை படியுங்கள். இரண்டு நகரங்களையே திடமாகப் பிரிக்கத் திணறும் கருவியிடம், களத்துமேட்டுக்கும் பக்கத்து ஊருக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கிறோம்.

சிறிய கட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. வீண் என்றால் அதற்காக இவ்வளவு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன். கட்டத்தை 9 கி.மீ.யிலிருந்து 3 கி.மீ.க்குக் குறைத்தால் இரு கிடைத்திசைகளிலும் மும்மூன்று மடங்கு, கணக்கில் மாதிரி ஒவ்வொரு முறையும் முன்னே தாண்டும் கால அடியும் சுருங்குவதால் இன்னொரு மூன்று மடங்கு என்று வேலை 27 மடங்காகிறது. பயன் உண்டு. ஏறத்தாழ 4 கி.மீ.க்குக் கீழே வந்தால் இடிமேகத்தை வாய்பாடு வைத்து ஊகிக்காமல் மாதிரியே எழுப்பிப் பார்க்கத் தொடங்குகிறது. கடற்காற்று உள்நாட்டில் எங்கே மேற்குக் காற்றோடு மோதுகிறது என்பது தெளிவாகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிப் பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததே, அத்தகைய புயலின் கண்ணைச் சூழ்ந்த மையச்சுவரில் வீசும் காற்றைப் பெரிய கட்டங்கள் பரப்பிக் குறைத்தே காட்டும். அங்கே சிறிய கட்டத்துக்கு மாற்று இல்லை. சுருங்கச் சொன்னால், எவ்வகை மழை, எவ்வளவு கடுமையாகப் பெய்யக்கூடும் என்பதைச் சிறிய கட்டம் நன்றாகச் சொல்லும். யார் வீட்டின் மேல் என்பதை அதே உறுதியோடு சொல்லாது.

ஏனென்றால் பகுதிசார் மாதிரி தானாக ஒன்றும் அறியாது. அதன் எல்லைகளில் நுழையும் காற்றும் ஈரமும் உலகளாவிய மாதிரி கொடுப்பவை. அங்கே பிழை இருந்தால், உள்ளே எவ்வளவு நுண்ணிய கட்டம் போட்டாலும் அந்தப் பிழை நுணுக்கமாக வரையப்பட்டு வெளியே வரும், அவ்வளவுதான். நானே சில ஆண்டுகளுக்கு முன்பு, கணினி நேரத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, 3 கி.மீ. பகுதியின் கிழக்கு எல்லையைக் கரைக்கு மிக அருகே வைத்திருந்தேன். கடலிலிருந்து வரும் மழைமேகங்கள் உருப்பெறவே இடமில்லாமல், கரையோரம் வறண்டும் உள்நாடு நனைந்தும் காட்டியது. எல்லையைக் கடலுக்குள் 150 கி.மீ. தள்ளி வைத்து மீண்டும் ஓட்டியபோது அதே நாளின் மழை கரைக்கு வந்து சேர்ந்தது. கட்ட அளவு இரண்டு ஓட்டத்திலும் ஒன்றேதான். மாதிரி கணக்கைத் தொடங்க எடுத்துக்கொள்ளும் வளிமண்டலத் தொடக்க நிலையின் கதையும் இப்படித்தான்: காரைக்காலிலும் சென்னையிலும் மேல்காற்றை அளக்கப் பலூன் விடுகிறார்கள், நம் மழை பிறக்கிற வங்கக்கடலின் மேல் பலூன் விட ஆளில்லை, செயற்கைக்கோளும் சில மிதவைகளும் கப்பல்களும் சொல்வதை வைத்துத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றதால், புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ., மயிலத்தில் அதையும் தாண்டிய மழை பெய்தது. புயல் நகர்வதையும் நிற்பதையும் முடிவு செய்பவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்த காற்றோட்டங்கள். அவற்றின் கணிப்பு பிசகினால், உள்ளே ஒரு கிலோமீட்டர் கட்டம் வைத்திருந்தாலும் அந்த மழை வேறோர் ஊரின் தலையில்தான் விழுந்திருக்கும்.

2025 மே மாதம் நாட்டின் 6 கி.மீ. உலகளாவிய மாதிரி செயல்பாட்டுக்கு வந்ததிலிருந்து "இனி நம்ம கிராமத்துக்கே சொல்லிடுவாங்க" என்ற பேச்சு வேறு கூடியிருக்கிறது. 12 கி.மீ.யிலிருந்து 6 கி.மீ. என்பது பெருமைப்பட வேண்டிய முன்னேற்றம்தான். மேலே சொன்ன ஆறு மடங்குக் கணக்கை அதற்கும் போட்டுப் பார்த்துவிட்டுப் பெருமைப்படுங்கள்.

ஆகவே, தயவுசெய்து உங்கள் ஊரின் எண்ணை மட்டும் படிக்காதீர்கள். உங்களைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற மிகப் பெரிய எண் எதுவோ, அது உங்களுக்கும் வரலாம் என்று வைத்து நெல்லை மூடுங்கள். தார்ப்பாய் வாடகை நனைந்த நெல்லைவிடக் குறைவு. ஒரே ஓட்டத்தை நம்ப வேண்டாம்: காலை ஓட்டத்தில் காலாப்பட்டிலும் மாலை ஓட்டத்தில் வெகு தெற்கே பரங்கிப்பேட்டையிலும் சிவப்புத் திட்டு இருந்தால், மாதிரிக்கு இடம் தெரியவில்லை, மழை வருவது மட்டும் தெரிந்திருக்கிறது என்று பொருள். பல தொடக்கங்களிலிருந்து ஓட்டப்படும் குழுமக் கணிப்பு கிடைத்தால் அதைப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் செயலியை மூடிவிட்டு வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைக் கேளுங்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை. மழை நெருங்கிய கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் எந்த மாதிரியும் வேண்டாம், காரைக்கால் ராடார் படமே போதும்.

எனக்குப் படம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லவில்லை. அனுப்பும்போது எந்த மாதிரி, எந்தத் தேதியின் எத்தனை மணி ஓட்டம் என்று சேர்த்து எழுதுங்கள். திண்டிவனத்திலிருந்து சிதம்பரம் வரை தெரியும்படி படத்தைச் சுருக்கி அனுப்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு முன்பே அனுப்பினால் இன்னும் நல்லது.